இடது கை தூக்கியவர்கள்

வெள்ளி

பஹ்ரைனில் இருந்து மின்னஞ்சல் வந்துவிட்டது. முதல் நேர்காணலில் நான் தேறியிருக்கிறேன். மாலை வகுப்பில் பிரைட்டன் சார் அதை எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்.

வேப்பமூடு சந்திப்பில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கிறது அந்த வகுப்பு நடக்கிற ஒற்றை அறை. வெளிநாட்டுப் பள்ளிகளில் வேலை தேடும் ஆசிரியர்கள் ஏழெட்டுப் பேர், பகலில் எங்கள் பள்ளிகளில் நின்று களைத்துவிட்டு, சாயங்காலம் அங்கே வந்து உட்காருவோம். சார் அபுதாபியில் பல வருடம் பாடம் நடத்திவிட்டு ஊருக்கு வந்தவர். ஆங்கிலமும் நேர்காணலும் சொல்லித் தருகிறார். அன்றன்று நடந்ததை அன்றன்று எழுதிவைக்கச் சொன்னதும் அவர்தான். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னார். நான் தமிழில் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், நடந்ததை விட்டுவிட்டு, எனக்கு எழுதத் தெரிந்ததை எழுதிவிடுகிறேன்.

மின்னஞ்சலின் இரண்டாம் பாதிதான் பயமாக இருக்கிறது. வருகிற புதன்கிழமை, என் பள்ளியில், என் பிள்ளைகளை வைத்தே நான் ஒரு பாடம் நடத்த வேண்டும். அவர்கள் அங்கிருந்து நேரலையில் பார்ப்பார்கள்.

“டீச்சரே, அவங்க உங்களப் பாக்க மாட்டாங்க, கேட்டியளா? பிள்ளையளத்தான் பாப்பாங்க,” என்றார் சார். “கேள்வியக் கேட்ட ஒடனே ஆளக் கூப்பிடாதிய. கொஞ்சம் பொறுங்க. தெரிஞ்ச பிள்ளைட்ட கேக்கதுக்கு வாத்தியாரு எதுக்கு? தெரியாத பிள்ளை ஒண்ணு முழிச்சிட்டு இருக்கும்லா, அங்க போங்க.”

“சாரே, அங்க போனா எலிசாவும் சேந்து முழிப்பா,” என்றாள் நஸீபா, என்னைக் காட்டி.

எல்லோரும் சிரித்தார்கள். நஸீபா கோட்டாற்றுக்காரி, ஆங்கில ஆசிரியை. வகுப்பில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஏட்டி, கொஞ்சம் சிரியேன். எனக்கு மூணு ஸ்கூல்ல இருந்து பதிலே இல்ல. நான் சிரிக்கல்லியா?”

சிரித்தேன். ஆனால் எனக்கு இது மூன்றில் ஒன்று இல்லை. ஸ்டெனி, என் கணவர், பஹ்ரைனில் ஒரு அரபியின் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். படகுத் தொழிலாளிக்குக் கிடைக்கிற விசாவில் மனைவியைக் கூட்டிப்போக முடியாது. ஆசிரியை என்றால் விசாவும் தங்க வீடும் பள்ளியே தரும். படகு கரைக்கு வருகிற நாட்களில் அவர் அந்த வீட்டுக்கு வரலாம். கல்யாணம் ஆனதில் இருந்து ஒரு மழைக்காலத்தைக்கூட நாங்கள் முழுதாகச் சேர்ந்திருந்து பார்க்கவில்லை. பஹ்ரைனில் நான் எழுதிப்போட்ட மற்ற பள்ளிகள் எல்லாம், வெளிநாட்டில் வேலை பார்த்த அனுபவம் இல்லை என்று கையை விரித்துவிட்டன. மிச்சம் இருப்பது இது ஒன்றுதான்.

திங்கள்

எங்கள் பள்ளி இராஜாக்கமங்கலத்துக்குத் தெற்கே கடற்கரையில் இருக்கிறது. தலைமையாசிரியை செசிலி டீச்சரின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு பெஞ்சைக்கூட நகர்த்த முடியாது. காலை ஜெபம் முடிந்ததும் போய் நின்றேன். சொல்ல வேண்டியதை மூன்று விதமாக யோசித்து வைத்திருந்தேன். நான்காவதாக ஒரு விதத்தில் உளறினேன்.

“விட்டுட்டுப் போறதுக்கு எனக்க பள்ளிக்கூடத்துலயே ஒத்திகையா?” என்றார்.

செல்போனில் இருந்த மின்னஞ்சலை அவர் பக்கம் நீட்டினேன்.

“போ. நீயும் போ. போன வருசம் கணக்கு டீச்சரு போனா. இனி சயன்சுக்கு நான் யார எங்க போய்த் தேட?” கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பில் துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டார். “சரி. எந்த கிளாஸ்?”

“ஏழு, டீச்சர்.”

“ஏழா? அதுல பாதிக்கு ஒண்ணும் தெரியாதுல்லா. எட்டுல இருந்து நல்ல பிள்ளியளாப் பாத்து நாலஞ்சு பேரக் கூட்டிட்டு வந்து முன்னால இருத்து.”

“வேண்டாம் டீச்சர். எப்பவும் போல இருக்கட்டும்.”

“அப்பம் இன்ஸ்பெக்‌ஷனுக்குச் சொல்லிக் குடுக்க மாதிரி ஒரு தடவ சொல்லிக் குடுத்துரு.”

அதுவும் வேண்டாம் என்றேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. இவள் எங்கே உருப்படப் போகிறாள் என்பது மட்டும்தான் இருந்தது.

இன்ஸ்பெக்‌ஷன் வழக்கம் நான் இங்கே சேருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உள்ளது. அதிகாரி வந்து வகுப்பில் உட்கார்ந்தால், ஆசிரியர் என்ன கேள்வி கேட்டாலும் பிள்ளைகள் எல்லோரும் கை தூக்க வேண்டும். விடை தெரிந்த பிள்ளை வலது கை. தெரியாத பிள்ளை இடது கை. ஆசிரியர் வலது கைகளில் ஒன்றைப் பார்த்துக் கூப்பிடுவார். இடது கை தூக்கிய பிள்ளையைக் கூப்பிட மாட்டார். அதிகாரிக்கு, ஒரு கைகூடக் கீழே இல்லை என்பது மட்டும் தெரியும். வரிசையில் நிற்கப் பழகுகிற வயதிலேயே பிள்ளைகள் இதையும் பழகிவிடுகிறார்கள். புதிதாகச் சேருகிற ஆசிரியர்களும் பழகிவிடுகிறோம்.

புதன்கிழமை இடது கை தூக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லலாமா என்று வெகுநேரம் யோசித்தேன். அப்படிச் சொல்வதும் ஒரு பயிற்சிதானே? எப்பவும் போல இருக்கட்டும் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, பின்னால் போய் நானே சொல்லிக் கொடுப்பதா? கடைசியில், “இது இன்ஸ்பெக்‌ஷன் இல்ல. வெளிநாட்டுல இருந்து ரெண்டு பேரு நம்ம கிளாஸப் பாப்பாங்க. தினமும் இருக்க மாதிரியே இருங்க,” என்று மட்டும் சொன்னேன். “சரி டீச்சர்” என்று ஒரே குரலில் கத்தினார்கள்.

போதுமா என்று தெரியவில்லை.

செவ்வாய்

ஸ்டெனியின் படகு கரைக்கு வந்திருக்கிறது. பள்ளி விட்டு வந்ததும் கூப்பிட்டார்.

“மக்கா, ஒரு குக்கர் வாங்கிட்டேன்.”

“எதுக்கு?”

“சோறு வைக்க. பின்ன மீன் பிடிக்கவா?”

படகில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே அடுப்பு, ஒரே கலம். அங்கே வைத்தால் முதல் நாளே கரியாக்கிவிடுவார்கள் என்று குக்கரை ஜாஸிமின் அறையில் வைத்திருக்கிறாராம். ஜாஸிம் நஸீபாவின் அண்ணன், அங்கேயே மனாமாவில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். சின்னக் குக்கர்தானாம். அந்த அறையில் இருந்தபடியே போன் வழியாக அதன் மூடியைத் தட்டிக் காட்டினார்.

“வேல கிட்டினப்பெறவு வாங்கியிருக்கலாம்லா?”

“ஏன், கிட்டும்னு நீ நினைக்கல்லியா?”

நினைக்கிறேன் என்று சொன்னேன். நினைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

“எத்தனையாம் கிளாஸ்?”

“ஏழு.”

“வேப்பமரத்துப் பக்கம் உள்ள ரூமா? ஜன்னலோரம் கடைசி பெஞ்சு எனக்க பெஞ்சாக்கும்.” அவரும் இதே பள்ளியில்தான் எட்டாம் வகுப்பு வரை படித்தார்.

“மரம் இப்பம் இல்ல. ஓகிப் புயல்ல போச்சு.”

“பெஞ்சு உண்டும்லா. அதுல யாரு இருக்கா?”

“ஷீஜான்னு ஒரு பிள்ளை.”

“அவளயும் கொஞ்சம் பாத்துக்கோ,” என்றார். நாளை விடியும் முன்னே மறுபடியும் கடலுக்குப் போகிறார். திரும்பி வந்ததும் கூப்பிடுவார். நல்ல செய்தியோடு எடுக்க வேண்டுமாம்.

புதன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதிப் பார்க்கிறேன்.

பிள்ளைகள் திருவிழாவுக்கு வருவது போல வந்திருந்தார்கள். பெண் பிள்ளைகளின் தலையில் தோவாளைப் பிச்சிப்பூ. பையன்கள் எண்ணெய் வழிய வகிடு எடுத்துச் சீவியிருந்தார்கள். அதைப் பார்த்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான் இவர்கள் இப்படி வருவது.

நஸீபா லீவு போட்டுவிட்டு, பிரைட்டன் சாரின் லேப்டாப்போடு வந்திருந்தாள். முன்பக்கம் ஒரு ஸ்டூலில் அதை வைத்து, பிள்ளைகளும் நானும் தெரிகிற மாதிரி திருப்பினாள்.

“ஒனக்க மூஞ்சி என்னட்டி, சந்தையில காணாமப் போன பிள்ளை மாதிரி இருக்கு? சிரி.”

திரையில் இரண்டு முகங்கள். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய ஒரு பெண்மணி, அவருக்குப் பக்கத்தில் ஒரு இளைஞர். வகுப்பு எழுந்து ராகம் போட்டு வணக்கம் சொன்னது. அவர்கள் சிரித்தார்கள்.

பாடம், கடல்காற்றும் நிலக்காற்றும். ஒரு தட்டில் வெயிலில் காய்ந்த மணல், இன்னொரு தட்டில் கடல்நீர், நடுவில் ஒரு ஊதுபத்தி. கண்ணாடித் தொட்டியைக் கவிழ்த்து மூடியதும் புகை மெதுவாக மணல் பக்கம் சாய்ந்தது. பின் பெஞ்சுப் பிள்ளைகள் எழுந்து எட்டிப் பார்த்தார்கள். அது எனக்குப் பிடித்தது. புகை ஏன் அந்தப் பக்கம் போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

வகுப்பு முழுவதும் கை தூக்கியது.

சார் சொன்னபடி பொறுத்தேன். பிறகு கூப்பிட்டேன். சரியான பதில். அடுத்த கேள்வி, மறுபடியும் எல்லாக் கைகளும், மறுபடியும் சரியான பதில். திரையில் அந்தப் பெண்மணி ஏதோ குறித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் நல்ல ஆசிரியை என்று நினைத்தேன். என் கண் எந்தக் கைகளைத் தேடிப் போகிறது என்று நான் கவனிக்கவே இல்லை. சத்தியமாக இல்லை. சோற்றில் கல்லைப் பொறுக்குகிற மாதிரி அது தானாகவே பொறுக்கிக்கொண்டிருந்தது.

விடியும் முன்னே வள்ளங்கள் கடலுக்குப் போகும்போது காற்று எந்தப் பக்கம் இருந்து வீசும், ஏன் என்று கேட்டேன். எல்லாக் கைகளும். அப்போது அந்தப் பெண்மணி, “நான் ஒருவரைக் கூப்பிடலாமா?” என்று கேட்டார். ஜன்னலோரம் கடைசி பெஞ்சில் இருக்கிற அந்தப் பெண் சொல்லட்டும் என்றார்.

ஷீஜா. அவளுடைய இடது கை மேலே இருந்தது.

“ஷீஜா,” என்றேன்.

அவள் எழுந்திருக்கவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து முன்னால் பார்த்தாள். மறுபடியும் கூப்பிட்டேன். எழுந்தாள். கை இன்னும் மேலேதான் இருந்தது. வகுப்பில் முணுமுணுப்பு எழுந்தது. அவள் முகத்தில் பயம் இல்லை. பேசி வைத்ததை நான் மீறிவிட்டேன் என்கிற சங்கடம் இருந்தது.

“டீச்சர், நான் இடது கைல்லா தூக்கியிருக்கேன்?”

தமிழில்தான் சொன்னாள். திரையில் அந்த இளைஞர் முன்னால் சாய்ந்து, அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

நான் நஸீபாவைப் பார்த்தேன். லேப்டாப்புக்குப் பின்னால் நின்றிருந்தவள், தெரிந்தும் தெரியாமலும் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று. உதட்டை அசைத்து ஏதோ சொல்லியும் காட்டினாள்.

“இடது கையைத் தூக்கியிருப்பதாகச் சொல்கிறாள்,” என்றேன்.

அவர்களுக்குப் புரியவில்லை. அப்படியென்றால் என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். வலது கை யார், இடது கை யார், யாரைக் கூப்பிடுவோம், யாரைக் கூப்பிட மாட்டோம், எல்லாம். இத்தனை மாதம் மாலை வகுப்பில் உட்கார்ந்தும் வராத ஆங்கிலம் அந்த நேரத்தில் வந்தது. ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

அந்தப் பெண்மணி ஷீஜாவைப் பார்த்து, “நன்றி, உட்கார்” என்றார். என்னிடம் கோபமாக எதுவும் சொல்லவில்லை. மீதிப் பாடத்தை நடத்தச் சொன்னார். நடத்தினேன். அடுத்த கேள்விக்கு எந்தக் கையைத் தூக்குவது என்று தெரியாமல் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் தூக்கவில்லை.

வியாழன்

மாலை வகுப்புக்குப் போக வேண்டாம் என்று நினைத்துவிட்டு, போனேன். நஸீபா எனக்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

“டீச்சரே, வெக்கப்படுகான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா முடிஞ்சு போச்சுல்லா?” பிரைட்டன் சாரின் குரலில் கண்டிப்பைவிட வருத்தம்தான் இருந்தது. “பொம்பளப் பிள்ளை, கேமராவுக்கு முன்னால வெக்கப்படும். யாரு கேக்கப் போறா?”

“அதத்தான் நானும் வாய அசைச்சு அசைச்சுக் காட்டுகேன்,” என்றாள் நஸீபா. “இவ பெரிய அரிச்சந்திரனுக்கத் தங்கச்சி.”

நான் அரிச்சந்திரனுக்குத் தங்கை இல்லை. இதைச் சரியாக எழுத வேண்டும். நான் உண்மையைச் சொன்னது உண்மை பெரிது என்பதாலா, அல்லது அந்த நேரத்தில் ஒரு பொய்யை ஆங்கிலத்தில் யோசிக்க எனக்கு முடியாததாலா? நேற்றிலிருந்து இதையே புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது. ஷீஜாவுக்காகச் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ள ஆசையாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் நான் ஷீஜாவை நினைக்கவே இல்லை. குக்கரைத்தான் நினைத்தேன்.

பஸ் ஏறும்வரை நஸீபா என்னுடன் நின்றாள். “சவத்த விடு. அவங்க இன்னும் இல்லன்னு சொல்லல்லியே,” என்றாள். அவள் குரலில் கிண்டல் இல்லாததால் அதை நம்ப முடியவில்லை.

திங்கள்

மின்னஞ்சல் வந்தது. என் ஆங்கிலத்தையும், சோதனையைச் செய்து காட்டிய விதத்தையும் பாராட்டியிருந்தார்கள். நேர்மைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். தங்கள் பள்ளியில் எல்லாப் பிள்ளைகளையும் எட்டுகிற ஆசிரியர்களைத் தேடுவதாகவும், இம்முறை என்னைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்கள். கடுமையான சொல் ஒன்றுகூட இல்லை. எதிர்த்துச் சொல்ல எனக்கும் ஒன்றும் இல்லை.

செசிலி டீச்சரிடம் சொன்னேன். “நல்லதாப் போச்சு,” என்றார். பிறகு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியதோ என்னவோ, சாயா குடிக்கிறாயா என்று கேட்டார். இன்ஸ்பெக்‌ஷன் அடுத்த மாதம் வருகிறதாம். அப்போதும் இப்படி எதையாவது செய்து வைத்துவிடாதே என்றும் சொன்னார்.

ஏழாம் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு, கை எதையும் பார்க்காமல் ஷீஜாவைக் கூப்பிட்டேன். எழுந்து நின்றாள். இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“தெரியாட்டா பரவாயில்ல மக்கா. தோணுகதச் சொல்லு.”

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உட்கார் என்றதும் உட்கார்ந்தாள். மணி அடித்து எல்லோரும் போன பிறகு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

“டீச்சர், என்னாலதான் ஒங்களுக்கு வேல கிட்டாமப் போச்சுன்னு பக்கத்து பெஞ்சு ஷிபு சொல்லுகான்.”

இல்லை என்று சொன்னேன். எப்படி இல்லை என்று அவளுக்குப் புரியும்படி சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவளும் கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்துவிட்டுப் போய்விட்டாள். பாடம் நடத்தும்போது நான் ஒரு தடவைகூட இவ்வளவு நேரம் பொறுத்தது இல்லை. அவள் எனக்காகப் பொறுத்தாள்.

சனி

ஸ்டெனி இன்று காலை கரைக்கு வந்துவிட்டார். போனில் பின்னால் எஞ்சின் சத்தமும் ஆட்கள் ஐஸ் உடைக்கிற சத்தமும் கேட்டன.

“கிட்டிச்சா?”

“இல்ல.”

“என்ன, இங்கிலீஷா?” என்றார்.

“இங்கிலீஷ் நல்லாத்தான் வந்துது.”

எல்லாவற்றையும் சொன்னேன். ஷீஜா கையைக் கீழே இறக்காமல் நின்ற இடம் வந்தபோது சிரித்துவிட்டார். அடக்க முடியாத சிரிப்பு.

“இப்பமும் அது உண்டுமா? ஏட்டி, எனக்கு எட்டாம் கிளாஸ் வர இடது கைதான். ஒருத்தரும் எங்கிட்ட ஒரு கேள்வி கேட்டதில்ல. நல்ல சொகமாட்டு இருந்துது.”

“இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும்தான?”

“அன்னைக்கு இடது கை தூக்குனவன மத்த நாளும் யாரு கேக்கா? அதான் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சே.” இன்னும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். “ஒருநாள் எனக்கு விடை தெரிஞ்சிருந்துது, கேட்டியா? நெசமாட்டுத் தெரிஞ்சிருந்துது. ஆனாலும் இடது கையத்தான் தூக்குனேன். வலது கையத் தூக்குனா எந்திரிச்சு நிக்கணும்லா. பழக்கம் இல்ல பாத்தியா. பெறவு பரீச்சையில எல்லாம் போச்சு. ஒம்பதாம் கிளாஸ் எதுக்குன்னு அப்பாக்க கூட வள்ளத்துல ஏறிட்டேன்.”

அன்று ஏறியவர்தான். இன்றும் படகில் இருந்துதான் பேசுகிறார். அந்த வேலைக்கு உள்ள விசாவில் மனைவி போக முடியாது. இதையெல்லாம் அவர் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. நான் சேர்க்காமல் இருக்கப் பார்த்தேன். முடியவில்லை.

“என்ன கேள்வி அது?” என்று கேட்டேன்.

“எது?”

“ஒங்களுக்கு விடை தெரிஞ்ச கேள்வி.”

யோசித்தார். “மறந்து போச்சு மக்கா,” என்றார்.

யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று அவர்களிடம் கத்திவிட்டு, மறுபடியும் போனுக்கு வந்தார். சிரிப்பு போயிருந்தது.

“அப்பம் குக்கர ஜாஸிமுக்கே குடுத்துரட்டா?”

“குடுத்துருங்க.”

“ஒரு தடவ சோறு வச்சுப் பாத்துட்டுக் குடுக்கேன். புதுசுல்லா.”

“படகுல உள்ளவங்களுக்கும் சேத்து வைங்க.”

“அதுல எங்க?” என்றார். “ரெண்டு பேருக்குத்தான் கொள்ளும்.”